கடல் இல்லாத ஊரில் கடற்படைத் தூண்

கேள்வி: மகன் கிளீவ்லாந்தில் வேலை பார்க்கிறான். நானும் என் கணவரும் ஜூனில் அவனிடம் போகிறோம். அங்கே புட்-இன்-பே என்ற தீவில் கடற்படை நினைவுத் தூண் ஒன்று இருக்கிறதாம். "நீங்க ரெண்டு பேரும் ஒரு நாள் போயிட்டு வாங்க" என்கிறான். இவருக்குச் சரித்திரம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். எனக்கோ முழங்கால் வலி. போகலாமா? அந்தத் தூணின் பெயரில் 'பெர்ரியின் வெற்றி', 'பன்னாட்டுச் சமாதானம்' இரண்டுமே இருக்கிறதே, அது வெற்றிக்கா சமாதானத்துக்கா என்றும் இவர் கேட்கச் சொன்னார்.
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போகலாம் அம்மா. சனிக்கிழமை மட்டும் வேண்டாம்.

நானும் மனைவியும் முதல் தடவை போனது ஒரு ஜூலை மாதச் சனிக்கிழமை. கல்யாணத்துக்கு முந்தைய கொண்டாட்டத்துக்கு வந்த இளவட்டங்கள் காலை பதினொரு மணிக்கே பீரும் கையுமாக ஆடிக்கொண்டிருந்தார்கள். தூணைத் தூரத்திலிருந்து அண்ணாந்து பார்த்ததோடு சரி, திரும்பிவிட்டோம். அடுத்த வருடம் செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை போனோம். அதைத்தான் நான் கணக்கில் வைத்திருக்கிறேன்.

தீவு இருப்பது ஈரி ஏரியில். என் மனைவி இன்றுவரை அதை 'ஏரி ஏரி' என்றுதான் சொல்வாள். கிளீவ்லாந்திலிருந்து கரைக்குக் காரில் ஒன்றரை மணி நேரம் ஆகும். அங்கிருந்து படகுக்கு இரண்டு வழி. கட்டாபாவிலிருந்து கிளம்பும் மில்லர் ஃபெரியில் டிக்கெட் மலிவு, இருபது நிமிடத்தில் அக்கரை. ஆனால் தீவின் தென்கோடியில் இறக்கிவிடுவார்கள், ஊருக்குள் வர இன்னும் இரண்டு மைல். போர்ட் கிளின்டனிலிருந்து வரும் ஜெட் எக்ஸ்பிரஸில் காசு கூடுதல், ஆனால் ஊர் நடுவிலேயே இறங்கலாம். தூண் அங்கிருந்து நடக்கிற தூரம்தான். உங்கள் முழங்காலுக்கு இதுதான் சரி.

தூணுக்கு உள்ளே லிஃப்ட் உண்டு. ஆனால் அந்த லிஃப்டைப் பிடிக்கவே 37 படி ஏற வேண்டும், குறுகலான படிகள். பெரிய கோயில் விமானம் 216 அடி என்று உங்களுக்குத் தெரியும். இது 352 அடி. மேலே திறந்தவெளி மாடம், காற்று பிய்த்துக்கொண்டு போகும். தெளிவான நாளில் வடக்கே கனடா தெரியும். படி ஏற முடியாவிட்டால் கணவரை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் கீழேயே இருங்கள். என்னைக் கேட்டால், பார்க்க வேண்டியதே கீழ்த்தளத்தில்தான் இருக்கிறது. அதைச் சொல்லுமுன் சண்டையைச் சொல்லிவிடுகிறேன்.

1813 செப்டம்பர் 10. அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர். கடலே இல்லாத இடத்தில், இந்த ஏரியில், இரண்டு கடற்படை! அமெரிக்கத் தளபதி பெர்ரிக்கு அப்போது வயது 28, கையில் 9 கப்பல். எதிரே பிரிட்டிஷ் தளபதி பார்க்ளே, டிரஃபால்கர் கடற்போரில் சண்டை போட்டவர், ஏற்கெனவே ஒரு கையை இழந்தவர், அவரிடம் 6 கப்பல். பெர்ரியின் கப்பலுக்கு, அந்த ஜூனில் செத்துப்போன அவர் நண்பர், கப்பல் தலைவர் லாரன்ஸின் பெயரை வைத்திருந்தார்கள். "கப்பலை விட்டுக்கொடுக்காதே" என்பது லாரன்ஸ் சாகும்போது சொன்னது. அதையே பெர்ரி கொடியில் தைக்கவைத்துப் பறக்கவிட்டார். சண்டையில் அந்தக் கப்பல் சல்லடையானது. ஆட்களில் ஐந்தில் நான்கு பங்கு பேர் செத்தோ காயப்பட்டோ விழுந்தார்கள். பெர்ரி என்ன செய்தார்? கொடியை எடுத்துக்கொண்டு, சிறு படகில் ஏறி, குண்டு மழைக்கு நடுவே நயாகரா என்ற இன்னொரு கப்பலுக்குப் போய்விட்டார். அதை ஓட்டிக்கொண்டு எதிரி வரிசைக்குள் புகுந்து ஜெயித்தார்.

பார்வையாளர் கூடத்தில் அந்தக் கொடியின் நகல் இருக்கிறது. அசல் அனாபொலிஸ் கடற்படைக் கல்லூரியில். நகலுக்கு முன்னால் நின்று நான் இந்தக் கதையைப் பெருமையாகச் சொல்லி முடித்ததும் என் மனைவி கேட்டாள்: "விட்டுக்கொடுக்காதேன்னு எழுதி வச்சவரே விட்டுட்டு வந்துட்டாரா?" பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரத் தம்பதிக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

இப்போது உங்கள் வீட்டுக்காரர் கேள்விக்கு வருகிறேன். சண்டையில் செத்த மாலுமிகளை ஏரியிலேயே விட்டார்கள். அதிகாரிகள் ஆறு பேரை, மூன்று அமெரிக்கர், மூன்று பிரிட்டிஷார், இந்தத் தீவில் ஒன்றாகப் புதைத்தார்கள். காயத்தோடு இருந்த பார்க்ளேவும் அங்கே வந்து நின்றார். நூறாண்டு நிறைவான 1913-இல் அந்த ஆறு பேரின் எலும்புகளையும் எடுத்து, அப்போது கட்டிக்கொண்டிருந்த தூணின் தரைக்கு அடியில் வைத்தார்கள். தோற்றவர்களுக்குத் தனி மூலை இல்லை, ஒரே தரை. அங்கே என்னையும் அறியாமல் செருப்பைக் கழற்றப் போனேன். 1817-இல் ரஷ்-பேகட் ஒப்பந்தம் போட்டு இரு தரப்பும் இந்த ஏரிகளில் போர்க்கப்பல்களைக் குறைத்துக்கொண்டார்கள். பெயரில் உள்ள சமாதானம் அதிலிருந்து வந்ததுதான். பெர்ரிக்கு அதை அதிக நாள் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. 1819-இல் வெனிசுவேலா பக்கம் மஞ்சள் காய்ச்சலில் இறந்தார், அதுவும் தன் 34-ஆவது பிறந்தநாளில்.

சாப்பாட்டுக்கு அங்கே மீனும் பர்கரும்தான் பிரதானம். சைவம் என்றால் எங்களைப்போலப் புளியோதரை கட்டிக்கொண்டு போய்ப் புல்வெளியில் உட்கார்ந்துவிடுங்கள். நேரம் மிஞ்சினால் ஒரு மது ஆலைக்கு அடியில் 'கிரிஸ்டல் கேவ்' இருக்கிறது, 1897-இல் கிணறு தோண்டும்போது கிடைத்த படிகக் குகை. அதற்கும் படி இறங்க வேண்டும், உங்களுக்கு வேண்டாம்.

கரையில் இறங்கியதுமே கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுக்காரரை அந்தத் தூணடியிலிருந்து லேசில் கிளப்ப முடியாது.