பிசினஸ் கணக்கா, கிரியேட்டர் கணக்கா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் செய்து விற்கிறேன். கைமுறுக்கு, தேன்குழல், மாவுருண்டை, சீப்புச் சீடை எல்லாம் கல்யாணச் சீருக்கும் வெளியூரில் இருப்பவர்களுக்கும் போகின்றன. இன்ஸ்டாகிராமில் எனக்குச் சொந்தக் கணக்கு இருக்கிறது. அதைத் தொழில்முறைக் கணக்காக மாற்றினால் ஆர்டர் கூடும் என்கிறாள் மருமகள். மாற்றப் போனால் பிசினஸ், கிரியேட்டர் என்று இரண்டு வகை வருகிறது. பிசினஸ் எடுத்தால் சினிமாப் பாட்டு போட முடியாதாம். எதை எடுப்பது?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பிசினஸ் கணக்குதான் உங்களுக்கு ஏற்றது, அம்மா. ஆனால் இப்போதிருக்கும் கணக்கை மாற்றாதீர்கள். புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள்.

2016-இல் வந்த பிசினஸ் கணக்கு, கடை, பட்டறை, விடுதி, உணவகம் போன்றவற்றை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டது. 2019-இல் வந்த கிரியேட்டர் கணக்கு, பாடுபவர், படமெடுப்பவர், சமைத்துக் காட்டுபவர் என்று தம் பெயராலும் முகத்தாலும் அறியப்படுகிறவர்களுக்கானது. இரண்டும் இலவசம். பதிவை எத்தனை பேர் பார்த்தார்கள், எந்த ஊர்க்காரர்கள் பார்த்தார்கள் என்ற விவரம் இரண்டிலும் கிடைக்கும். பணம் கட்டி விளம்பரமும் செய்யலாம். ஆகவே வசதிகளை ஒப்பிட்டுக் குழம்ப வேண்டாம். உங்கள் பக்கத்துக்கு வருகிறவர் எதைத் தேடி வருகிறார் என்று பாருங்கள். 'தீபாவளிக்கு ரெண்டு கிலோ தேன்குழல் வேணும், சென்னைக்கு அனுப்புவீங்களா ஆச்சி?' என்று கேட்பவருக்கு வேண்டியவை சரக்கும் விலையும் போன் எண்ணும்தான். அவருக்குப் பிசினஸ் கணக்கே வசதி. நாளைக்கே நீங்கள் செட்டிநாட்டுச் சமையலைக் கற்றுக்கொடுத்து, அதைப் பார்க்கவே ஆயிரக்கணக்கானோர் வரத் தொடங்கினால் அப்போது கிரியேட்டர் கணக்கைப் பற்றி யோசிக்கலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு எப்போது வேண்டுமானாலும் மாறிக்கொள்ளலாம் என்பதால் பதற்றம் தேவையில்லை.

புதுக் கணக்கு வேண்டும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தொழில்முறைக் கணக்கு எந்த வகையாக இருந்தாலும் அதை எல்லோரும் பார்க்கலாம். தெரிந்தவர் மட்டும் பார்க்கும்படி பூட்டி வைக்க முடியாது. சொந்தக் கணக்கை மாற்றிய உடனே, பேரப்பிள்ளைகளின் காதுகுத்துப் படம் முதல் வீட்டு விசேஷப் படங்கள் வரை, முன்பு போட்ட அனைத்தும் முன்பின் தெரியாதவர் கண்ணிலும் படும். ஒரே செயலியில் ஐந்து கணக்குகள் வரை சேர்த்து மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம் என்பதால், குடும்பக் கணக்கு பூட்டியபடி இருக்கட்டும், பலகாரக் கணக்கு தனியாக நடக்கட்டும்.

பாட்டு விஷயத்தில் மருமகள் சொன்னது உண்மை. பிசினஸ் கணக்குகளுக்கு வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதிக்கப்பட்ட இசை மட்டுமே கிடைக்கும். பிரபலமான திரைப்பாடல்கள் பெரும்பாலும் வருவதில்லை. இதற்காகவே பல சிறு வணிகர்கள் கிரியேட்டர் வகைக்குத் தாவுகிறார்கள். அது சரியான வழியன்று என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். கணக்கின் வகை மாறிவிட்டால் பாட்டின் உரிமை நம் கைக்கு வந்துவிடாது. உரிமம் பெறாமல் வணிக நோக்கத்துக்கு இசையைப் பயன்படுத்தக் கூடாது என்பது இன்ஸ்டாகிராமை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் பொது விதி. அது எல்லாக் கணக்குக்கும் பொருந்தும். திருவிழா நேரத்தில் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் வீடியோ திடீரென்று ஒலியிழந்தோ நீக்கப்பட்டோ போனால் அந்த வாரத்து வியாபாரம் போயிற்று. மெட்டாவே இலவசமாகத் தரும் இசைத் தொகுப்பிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். அதைவிட மேல், எண்ணெயில் முறுக்கு விழும் சத்தத்தையும் உங்கள் குரலையும் அப்படியே பதிவு செய்வது. பலகாரம் வாங்குகிறவர் கேட்க விரும்புவது அதைத்தான்.

பெயர்ப் பகுதியில் உங்கள் பெயரோடு 'காரைக்குடி பலகாரம்' என்றும் சேர்த்து எழுதுங்கள். தேடுகிறவர்களுக்கு அந்தப் பகுதியை வைத்தும் கணக்கு கண்ணில் படும். அறிமுகத்துக்கு 150 எழுத்துக்குறிகள்தான் இடம். 'கைமுறுக்கு, தேன்குழல், சீப்புச் சீடை. ஆர்டரின் பேரில் மட்டும். மூன்று நாள் முன்பே சொல்லவும். வெளியூருக்குக் கூரியர் உண்டு' என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். உணவுப் பொருள் விற்பதால், உணவுப் பாதுகாப்புத் துறையில் பெற்ற 14 இலக்கப் பதிவு எண் இருக்க வேண்டும். அதை ஒரு பதிவில் தெளிவாகப் போட்டு, பக்கத்தின் உச்சியில் நிறுத்தி வையுங்கள்.

தொடர்பு எண்ணாக வீட்டு எண்ணைக் கொடுக்க வேண்டாம். தனி சிம் ஒன்று வாங்கி அதில் வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். ஒரே எண்ணைச் சாதாரண வாட்ஸ்அப்பிலும் பிசினஸ் வாட்ஸ்அப்பிலும் ஒருசேர வைத்திருக்க முடியாது. அந்தச் செயலியில் வேலை நேரத்தையும் தானாகப் போக வேண்டிய பதிலையும் குறித்து வைத்தால், இரவு பத்து மணிக்கு வரும் விசாரிப்புக்கு 'காலையில் பதில் சொல்கிறேன்' என்று அதுவே சொல்லிவிடும். வீட்டு முகவரியையும் பொதுவில் காட்ட வேண்டியதில்லை.

கேள்வி: படிப்பை முடித்துவிட்டு செட்டிநாட்டு நகரத்தார் வீடுகளைப் பற்றி வீடியோ எடுத்துப் போடுகிறேன். நிறுவனம் போலத் தெரிந்தால் மதிப்புக் கூடும் என்பதால் பிசினஸ் கணக்கு எடுக்கலாமா? ஒரு தங்கும் விடுதியில் இரண்டு நாள் இலவசமாகத் தங்கி வீடியோ போடும்படி அழைத்திருக்கிறார்கள்.
– ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: கிரியேட்டர் கணக்கே போதும், தம்பி. முகப்பிலிருந்து வளவு, இரண்டாங்கட்டு என்று வீட்டுக்குள் அழைத்துச் சென்று விளக்கிச் சொல்கிற உங்கள் குரலுக்காகத்தான் பார்வையாளர்கள் வருகிறார்கள். அந்த உறவுக்கு நிறுவன முகம் இடைஞ்சல்.

விடுதி அழைப்பை ஏற்கலாம், மறைக்கக் கூடாது. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பணம் மட்டுமல்லாமல் இலவசத் தங்கல், பரிசுப் பொருள், தள்ளுபடி ஆகியவையும் வெளிப்படுத்தப்பட வேண்டிய தொடர்புகளே. 'பணம் பெற்ற கூட்டு' (Paid partnership) என்ற அடையாளத்தை இன்ஸ்டாகிராமிலேயே சேர்க்கலாம். அதோடு வீடியோவின் தொடக்கத்திலேயே 'இந்த விடுதியின் அழைப்பில் வந்திருக்கிறேன்' என்று வாயால் சொல்லிவிடுங்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பரிந்துரை செய்கிறவருக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையிலும், திரும்பச் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்க இடமுண்டு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். செட்டிநாட்டில் ஒரு வீட்டுக்குப் பல பங்காளிகள் உரிமையாளர்களாக இருப்பது வழக்கம். அவர்களில் பலர் வெளிநாட்டிலும் வெளியூரிலும் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் கதவைத் திறந்துவிட்டார் என்பதற்காகப் படமெடுத்துப் பொதுவில் போட்டுவிடக் கூடாது. உரிமையாளர்களிடம் எழுத்தில், வாட்ஸ்அப் செய்தியாகவாவது, அனுமதி வாங்குங்கள். ஆள் குடியிருக்காத வீடாக இருந்தால் ஊர்ப் பெயரோடு நிறுத்துங்கள். தெரு, வாசல் எண், பூட்டு, பின்கட்டு வழி எதுவும் படத்தில் வர வேண்டாம். பர்மா தேக்குத் தூண்களுக்கும் நிலைக்கதவுகளுக்கும் பழம்பொருள் சந்தையில் என்ன மதிப்பு என்பது காரைக்குடிக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். நீங்கள் நேசித்துக் காட்டுகிற வீடு, உங்கள் படத்தாலேயே சேதப்பட்டுவிடக் கூடாது.

கேள்வி: ஆத்தங்குடியில் தரைக்கல் (டைல்ஸ்) பட்டறை நடத்துகிறோம். அப்பாவின் பெயரில் உள்ள ஃபேஸ்புக் கணக்கில்தான் இதுவரை படங்கள் போட்டு வந்தோம். நண்பர்கள் எண்ணிக்கை நிரம்பிவிட்டது. அடுத்து என்ன செய்வது?
– ஒரு வாசகர், ஆத்தங்குடி

பதில்: தனிநபர் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது. அதைவிட முக்கியம், தனிநபர் கணக்கை முதன்மையாக வணிகத்துக்குப் பயன்படுத்துவது ஃபேஸ்புக் விதிகளுக்கே புறம்பானது. எந்த நாளிலும் முடக்கப்படலாம். பட்டறையின் பெயரில் ஃபேஸ்புக் பக்கம் ஒன்றைத் தொடங்கி, அதனுடன் இன்ஸ்டாகிராம் பிசினஸ் கணக்கை இணையுங்கள். அப்பாவின் கணக்கு அப்பாவுக்கே இருக்கட்டும்.

ஆனால் உங்கள் தொழிலுக்கு முதலில் வேண்டியது, கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் பட்டறையைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் என்பேன். கல் வாங்குகிறவர்கள் வீடு கட்டுகிறவர்களும் கட்டடக் கலைஞர்களும். நேரில் வந்து பார்த்து, கையால் தடவிப் பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள். அவர்களுக்கு வரைபடத்தில் சரியான இடமும், திறந்திருக்கும் நேரமும், போன் எண்ணும் வேண்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியின் பட்டியலில் 500 பொருட்கள் வரை ஏற்றலாம். ஒவ்வொரு டிசைனுக்கும் ஒரு எண் கொடுத்து, அளவையும் விலையையும் சேர்த்துப் போட்டுவிட்டால், 'அந்தப் பச்சைப் பூ டிசைன்' என்று போனில் விளக்கிக்கொண்டிருக்கும் வேலை மிச்சம்.

படங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முடிந்த தரையின் படத்தை யார் வேண்டுமானாலும் போட முடியும். இயந்திரத்தில் பிரிண்ட் செய்த போலிக் கல்லும் படத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமெண்டை ஊற்றுகிற கையைக் காட்டுங்கள். அச்சை எடுத்ததும் பூவின் விளிம்பில் வண்ணங்கள் லேசாகக் கலந்து நிற்பதையும், தண்ணீர்த் தொட்டியில் ஊறிக் காய்ந்த கல்லிலிருந்து கண்ணாடி கழன்று வரும்போது தெரிகிற பளபளப்பையும் வெட்டாமல் காட்டுங்கள். ஊற்றுகிற தொழிலாளி தம் பெயரில் கிரியேட்டர் கணக்கு வைத்துக்கொள்ள விரும்பினால் தடுக்காதீர்கள். ஒரே பதிவை இரண்டு கணக்குகளிலும் கூட்டாக வெளியிடும் வசதி 2021 முதல் இருக்கிறது. அவருடைய கைத்திறனுக்கு அவர் பெயர் சேர்வது நியாயம்; பட்டறைக்கும் அது நன்மைதான்.

கேள்வி: கண்டாங்கிச் சேலை விற்கிறோம். மாதச் சந்தா கட்டி நீலக் குறி வாங்கினால் அசல் கண்டாங்கி என்று வாடிக்கையாளர்கள் நம்புவார்களா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: மாட்டார்கள், நம்பவும் கூடாது. கணக்கை நடத்துகிறவர் யார் என்பதற்குத்தான் அந்தக் குறி சாட்சி, சேலைக்கு அன்று. காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அதன் அங்கீகரிக்கப்பட்ட பயனராக உங்களையோ உங்கள் நெசவாளரையோ பதிவு செய்துகொண்டு, அந்தச் சான்றையும் கைத்தறி முத்திரையையும் தறியையும் படமாகப் போடுங்கள். பெயரைத் திருடிப் போலிக் கணக்கு நடத்துவோரால் தொல்லை இருந்தால் மட்டும் நீலக் குறிக்குப் பணம் கட்டுங்கள்.

கேள்வி: கானாடுகாத்தானில் பழைய வீட்டைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். பிசினஸ் கணக்கைத் தொடங்கிய பையன் வேலையை விட்டுப் போய்விட்டார். கணக்கு அவருடைய மின்னஞ்சலிலும் போன் எண்ணிலும் இருக்கிறது. விருந்தினர்கள் அனுப்பும் செய்தி எதுவும் எங்களுக்குத் தெரிவதில்லை.
– ஒரு வாசகர், கானாடுகாத்தான்

பதில்: முதலில் அந்தத் தம்பியிடம் முறையாகப் பேசுங்கள். பாக்கிச் சம்பளம் ஏதும் இருந்தால் அதைக் கொடுத்துவிட்டுப் பேசுங்கள். கணக்கு அவர் கையில் திறந்திருக்கும்போதே மின்னஞ்சலையும் போன் எண்ணையும் விடுதியினுடையதாக மாற்றச் சொல்லுங்கள். பிறகு கடவுச்சொல்லை நீங்கள் மாற்றி, வேறு எந்தெந்தப் போனில் உள்நுழைந்திருக்கிறது என்ற பட்டியலைப் பார்த்து, தெரியாதவற்றை வெளியேற்றிவிடுங்கள். கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, அப்போது கிடைக்கும் மாற்றுக் குறியீடுகளைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

அவர் ஒத்துழைக்காவிட்டால் புதிய கணக்கைத் தொடங்குவதே விரைவான வழி. உங்கள் கூகுள் புரொஃபைலிலும் இணையதளத்திலும் பழைய இணைப்பை நீக்கிப் புதியதைச் சேர்த்து, முன்பு வந்த விருந்தினர்களுக்கு வாட்ஸ்அப்பில் தெரிவித்துவிடுங்கள். இனிமேல் யாரை வேலைக்கு வைத்தாலும் கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டாம். ஃபேஸ்புக் பக்கத்தில் அவருக்குத் தேவையான அனுமதியை மட்டும் கொடுத்தால், அதன் வழியாகவே இன்ஸ்டாகிராம் பதிவுகளையும் செய்திகளையும் அவர் கவனித்துக்கொள்ளலாம்; வேலையை விடும் நாளில் அந்த அனுமதியை நீங்களே நீக்கிவிடலாம்.