போர்ட்டபிள் பிளேயரில் ஆப்-ஆம்ப் மாற்றினால் பாட்டு நிஜமாகவே மாறுமா?

மாறும். ஆனால் நீங்கள் கேட்கிற மாற்றம் ஆப்-ஆம்ப் என்கிற, ஒலி சிக்னலைப் பெருக்குகிற அந்த எட்டுக்கால் ஐ.சி.யிலிருந்துதான் வந்தது என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். “என்.இ.5532-ஐக் கழற்றிவிட்டு மியூசஸ் 02 போட்டால் பாடகர் குரல் முன்னால் வந்து நிற்கும் என்கிறார்களே, உண்மையா?” என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஆப்-ஆம்ப் மாடல்கள். அந்த ‘குரல் முன்னால் வருவது’ என்ற ஒரு வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் படகுகளின் வயர்லெஸ் செட், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் (கடல் ஆழம் பார்க்கிற கருவி) பழுது பார்க்கிறவன். ஆடியோ நிபுணன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் யாரும் “செட் ரிப்பேர்காரனுக்கு சங்கீதம் பற்றி என்ன தெரியும்” என்று கிளம்ப வேண்டாம். உப்புக்காற்று ஒரு கனெக்டரை என்ன பாடு படுத்தும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும்.

அக்கா மகன் வளைகுடாவில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது ஒரு சீன பிளேயர் கொண்டுவந்தான், உள்ளே ஐ.சி.யைக் கழற்றி மாட்ட டிப்-8 என்கிற எட்டுக்கால் சாக்கெட் வைத்தது. திரும்பிப் போகும்போது அதை வீட்டிலேயே விட்டுவிட்டான். கடலைப் பார்த்த ஜன்னல் திட்டில் அடுத்த லீவு வரை கிடந்தது. வந்தவன் ஆன்லைனில் மியூசஸ் வாங்கி மாட்டிவிட்டு நேராகப் பட்டறைக்கு ஓடி வந்தான். “மாமா, முன்னாடி பாடுறவர் கிணத்துக்குள்ள இருந்து பாடின மாதிரி இருந்துச்சு. இப்ப கேளுங்க, நடு நெத்தியில நிக்கிறாரு!”

கேட்டேன். பழைய இளையராஜா பாட்டு, குரல் நடுவில் தெளிவாக இருந்தது. பையன் பொய் சொல்லவில்லை. ஆனால் இயர்போன் பின்னை உருவியபோது, வயருக்குப் பக்கத்தில் இருக்கிற கடைசி வளையத்தில் பச்சையாக ஒரு தீற்றல். அதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. “மாப்ளே, ஐ.சி.யை மாத்துறப்ப இந்தப் பின்னை எத்தனை தடவை சொருகி எடுத்த?” என்றேன். “அது கணக்கே இல்ல மாமா” என்றான்.

அந்தக் கடைசி வளையம்தான் இடது, வலது இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட். ஜாக்குக்குள் அது தொடும் தகட்டில் இந்தப் பச்சைக் களிம்பு ஏறினால் அங்கே தடை கூடும். இரண்டு பக்கத்துக் கரண்டும் அந்த ஒரே வழியாகத்தான் திரும்ப வேண்டும். நடுவில் நிற்கிற குரல் இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருப்பதால் அடி முழுக்க அதற்குத்தான். 16 ஓம் இயர்போனுக்குப் பொது வழியில் 8 ஓம் தடை சேர்ந்தால் குரலுக்குக் கிடைக்கும் வோல்டேஜ் பாதியாகிவிடும், அதாவது 6 டெசிபல் குறைவு. இடம் வலமாகப் பிரிந்து எதிரெதிராகப் போகிற எக்கோவும் வயலின் விரிப்பும் குறையவே குறையாது. குரல் கிணற்றுக்குள் போவது இப்படித்தான்.

அவன் சொருகி எடுத்த வேகத்தில் களிம்பு பாதி உரசிப் போயிருந்தது. மீதியை நான் கான்டாக்ட் கிளீனர் போட்டு எடுத்தேன். பிறகு அவன் கண் முன்னாலேயே பழைய 5532-ஐ மாட்டிக் கொடுத்தேன். குரல் அதே நடு நெற்றியில். அவனுக்குக் கொஞ்சம் முகம் சுருங்கித்தான் போனது. இதில் இன்னொன்று, நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டுத் தேய்த்ததும் அந்த ‘மியூசஸ்’ எழுத்தே கரைந்துவிட்டது. மேலே கருப்புப் பூசி எழுதிய போலி.

     

“அப்படியானால் எல்லா ஆப்-ஆம்பும் ஒன்றா?” என்று சண்டைக்கு வராதீர்கள், அப்படிச் சொல்லவில்லை. ஆப்-ஆம்ப் நேராக இயர்போனையே ஓட்டுகிற சர்க்யூட் என்றால் வித்தியாசம் நிஜம். 16 ஓமில் 1 வோல்ட் கொடுக்க 60 மில்லி ஆம்பியருக்கு மேல் வேண்டும், 5532-ஓ, ஓ.பி.ஏ.2134 என்கிற இன்னொரு ஆப்-ஆம்போ 40 பக்கத்திலேயே மூச்சு வாங்கிவிடும். பின்னால் கரண்ட் கொடுக்கத் தனி பஃபர் சர்க்யூட் இருந்தால் அந்தக் கவலை இல்லை. எவ்வளவு பெருக்குவது என்பதை அதைச் சுற்றியுள்ள ஃபீட்பேக் ரெசிஸ்டர்கள்தான் தீர்மானிக்கின்றன, ஐ.சி. அல்ல. அதனால் ஒழுங்கான சர்க்யூட்டில் மாற்றம் மிகச் சின்னதாகத்தான் இருக்கும். மாற்றியதும் ‘உலகமே மாறிவிட்டது’ என்றால் நான் முதலில் கோளாறைத்தான் தேடுவேன். எல்.எம்.4562 போன்ற வேகமான ஐ.சி.யை, சப்ளை காலுக்குப் பக்கத்தில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் இல்லாத போர்டில் போட்டால் ஆசிலேட் ஆகும், அதாவது பாட்டே இல்லாமல் தானாக அதிர ஆரம்பிக்கும். ஐ.சி. சுடும், பேட்டரி சீக்கிரம் இறங்கும், சத்தத்தில் ஒரு கரகரப்பு வரும். அதையும் ‘டீட்டெயில்’ என்று ரசிக்கிறவர்கள் உண்டு.

வாங்கியே தீருவேன் என்றால் சப்ளை வோல்டேஜைப் பாருங்கள். மியூசஸ் 02-க்கு ±3.5 வோல்ட் (பிளஸ் 3.5, மைனஸ் 3.5) போதும். அதன் அண்ணன் 01-க்கு குறைந்தது ±9 வேண்டும், கையடக்க பிளேயரில் பெரும்பாலும் அது கிடைக்காது. ஓ.பி.ஏ.2134 ±2.5-லேயே ஓடும். புள்ளி போட்ட முதல் காலைத் திருப்பி மாட்டிவிடாதீர்கள். மாட்டியதும் இயர்போன் இல்லாமல் ஜாக்கில் மல்டிமீட்டர் வைத்து டி.சி. வோல்டேஜ் பாருங்கள், 20, 30 மில்லிவோல்ட்டைத் தாண்டினால் இயர்போனைச் சொருக வேண்டாம். உங்கள் பிளேயர் எந்த மாடல், ஐ.சி.க்கு எத்தனை வோல்ட் போகிறது என்று சொன்னால் எது ஒத்துவரும் என்று பார்த்துச் சொல்கிறேன்.