பக்கத்து வீட்டுல அடிக்கிற சத்தம் கேட்டா நான் பெண்கள் உதவி எண் 181க்கு போன் பண்ணலாமா?

"பக்கத்து வீட்டு அக்காவ அவங்க வீட்டுக்காரர் அடிக்கிறாரு, நான் 181க்கு சொன்னா அவங்க சம்மதம் இல்லாம போலீஸ் கேஸ் ஆயிடுமா, என்னையும் கோர்ட்டுக்கு இழுப்பாங்களா"ன்னு கேட்டிருக்கீங்க.

சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க. 2005ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல 4வது பிரிவு உங்கள மாதிரி ஆளுக்காகவே இருக்கு. ஒரு வீட்டுல இப்படி நடக்குதுன்னு யார் வேணும்னாலும் பாதுகாப்பு அலுவலர்கிட்ட (இந்தச் சட்டத்துக்காக அரசு போட்டிருக்குற அதிகாரி) சொல்லலாம், நல்ல எண்ணத்துல சொன்னவங்க மேல சிவில், கிரிமினல் எந்த கேஸும் வராது. இது எங்க லைன்ல ஒருத்தருக்காவது தெரிஞ்சிருந்தா எங்க அக்காவுக்கு ஒம்பது வருஷம் போயிருக்காது.

நான் நீலகிரில பந்தலூர் பக்கம் டீ எஸ்டேட் லைன்ல வளர்ந்தவ. லைன் வீடுன்னா வரிசையா வீடுங்க, ரெண்டு வீட்டுக்கு நடுவுல ஒரே செவுரு, அந்தப் பக்கம் இருமுனா இந்தப் பக்கம் கேக்கும். அக்கா கல்யாணமாகி அதே எஸ்டேட்ல வேற டிவிஷனுக்கு போனா. அவ அடி வாங்குற சத்தம் ரெண்டு பக்கமும் கேட்டுக்கிட்டேதான் இருந்திருக்கு, சத்தம் வந்தா டிவிய கொஞ்சம் கூட்டி வச்சுக்குவாங்களாம். அவங்க கெட்டவங்க இல்லைங்க, மறுநாள் அவ பிள்ளைங்களுக்கு சோறு போட்டதும் அவங்கதான். புருஷன் பொண்டாட்டி விஷயத்துல தலையிட்டா நாளைக்கு வேலைக்காட்டுல எப்படி மூஞ்சில முழிக்கிறதுன்னு ஒரு பயம், அவ்வளவுதான். எனக்கே அப்ப முழுசா தெரியாது, அம்மாவுக்கு தெரிஞ்சும் சொல்லல.

இன்னொண்ணு, எங்க ஊர்ல காயத்த மறைக்கிறது ரொம்ப சுலபம். மழையில சரிவுல நின்னு கொழுந்து பறிக்கிறவங்க வழுக்கி விழுறது தினமும் நடக்கிறது, அதனால அக்கா ஆஸ்பத்திரில போய் "வழுக்கி விழுந்துட்டேன்"னு சொன்னா யாரும் மறு கேள்வி கேட்டதில்ல. மூணு தடவ சீட்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. பின்னாடி கோர்ட்ல எதிர்தரப்பு வக்கீல் அதே சீட்டத்தான் எடுத்து நீட்டினாரு. அதனால அந்த அக்காகிட்ட பேச முடிஞ்சா மொதல்ல இத சொல்லுங்க, டாக்டர்கிட்ட யாரு அடிச்சா, எதால அடிச்சான்னு உள்ளத சொல்லி ஏ.ஆர். (காயம் எப்படி ஆச்சுன்னு ஆஸ்பத்திரில எழுதுற விபத்துப் பதிவு) போட சொல்லணும், அந்த காப்பிய வாங்கி வேற ஒருத்தர் வீட்டுல வைக்கணும்.

கடைசில ஒரு ராத்திரி பக்கத்து வீட்டு பெரியம்மாதான் பின்வாசல் வழியா போன குடுத்து "அடிடி"ன்னு சொல்லியிருக்காங்க. 181ல எடுத்தவங்க மொதல்ல கேட்டது "இப்ப அவர் பக்கத்துல இருக்காரா, பேச முடியுமா"ன்னு. அப்புறம் அட்ரஸ் கேட்டப்பதான் கஷ்டம், எங்களுக்கு தெருவும் கிடையாது கதவு நம்பரும் கிடையாது. நீங்களும் மலைல இருக்குறதா சொல்றீங்க, அதனால எஸ்டேட் பேரு, டிவிஷன், லைன் நம்பர், ஜீப் எதுவரைக்கும் வரும் இதெல்லாம் முன்னாடியே எழுதி வச்சுக்கங்க. போலீஸ் வந்தாங்க, வந்தவரு "காலைல பேசிக்கலாம், சமாதானமா போங்க"ன்னுட்டு போயிட்டாரு. அந்த கோவம் எனக்கு இன்னும் இருக்கு.

காலைல மொத பஸ்ஸுக்கு நான் அவளையும் சின்னவனையும் கூட்டிட்டு கூடலூர் வந்து, அங்கேருந்து ஊட்டில இருக்குற ஒருங்கிணைந்த சேவை மையத்துக்கு போனேன். சகின்னும் சொல்வாங்க. 2012 டெல்லி சம்பவத்துக்கு அப்புறம் வந்த நிர்பயா நிதிலேருந்து 2015 ஏப்ரல் 1லேருந்து நாடு பூரா ஆரம்பிச்சது. வைத்தியம், போலீஸ், கவுன்சிலிங், இலவச வக்கீல், தங்க இடம்னு ஒவ்வொண்ணுக்கும் ஒவ்வொரு ஆபீஸா அலையாம அவங்களே கூட இருந்து பாத்துக்குவாங்க. அங்க இருந்த மேடம் யாரு தப்புன்னு கேக்கல, டீ வாங்கி குடுத்துட்டு "இன்னைக்கு ராத்திரி எங்க படுப்பீங்க"ன்னுதான் கேட்டாங்க. அந்த ஒரு கேள்விக்கு அக்கா அழுதா பாருங்க, அப்படி அழுது நான் பாத்ததே இல்ல.

இப்ப நீங்க கேட்ட கேஸ் விஷயம். போலீஸ்ல குடுக்கணுமான்னு அவளத்தான் கேட்டாங்க, வேணாம்னா, சரின்னு விட்டுட்டாங்க. (18 வயசுக்கு கீழ உள்ள பிள்ளைக்கு பாலியல் கொடுமைன்னா மட்டும் அது வேற, போக்சோ சட்டப்படி போலீசுக்கு சொல்லியே ஆகணும்.) அங்க அஞ்சு நாள் வரைக்கும் தங்கலாம், அதுக்கு மேல வேணும்னா ஹோமுக்கு அனுப்புவாங்க. அக்கா நாலாவது நாளே பிள்ள படிப்பு, வேலை நாள் போகுதுன்னு திரும்ப அவன்கிட்டயே போயிட்டா. நான் கத்துனேன், மையத்துல யாரும் கத்தல, எப்ப வேணும்னாலும் வாங்கன்னு மட்டும் சொன்னாங்க. அதனாலதான் அஞ்சு மாசம் கழிச்சு ரெண்டாவது தடவ அவளே போன் பண்ணா.

அப்பதான் பாதுகாப்பு அலுவலர் மூலமா, நடந்த கொடுமைய பதியுற குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதி மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்கு போச்சு. இது அவன ஜெயில்ல போடுற கேஸ் இல்ல, இவளுக்கு பாதுகாப்பு கேக்குற மனு. அவளுக்கு பெரிய பயமே வீடுதான், எஸ்டேட் வீடு அவன் பேர்ல இருக்கு, வேலைய விட்டு நிறுத்திட்டா நான் எங்க போவேன்னு. வீடு யார் பேர்ல இருந்தாலும் சேந்து வாழ்ந்த வீட்டுல அவளுக்கு தங்க உரிமை உண்டுன்னு 17வது பிரிவ வக்கீல் சொன்னப்ப அவ நம்பவே இல்ல. 60 நாள்ல முடிக்கப் பாக்கணும்னு சட்டம் சொல்லுது, எங்களுக்கு பதினோரு மாசம் ஆச்சு. அடிக்கக்கூடாது, வீட்டவிட்டு வெளியேத்தக்கூடாது, மாசாமாசம் செலவுக்கு குடுக்கணும்னு ஆர்டர். பாதுகாப்பு ஆர்டர மீறுனா ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில், இல்ல 20,000 ரூபா வரைக்கும் அபராதம், ரெண்டும் சேத்தும் போடலாம். அதுக்கப்புறம்தான் அவன் கை நின்னுச்சு.

எனக்கு இருக்குற ஒரே குறை தூரம். கூடலூர்லேருந்து ஊட்டி 50 கிலோமீட்டர், எங்க பக்கத்துலேருந்து இன்னும் ஜாஸ்தி, மழைக்காலத்துல ரோட்டுல மண்ணு சரிஞ்சா அதுவும் இல்ல, ஒரு தடவ போயிட்டு வந்தா அன்னைக்கு கூலி போச்சு. கூடலூர்லயே ஒரு மையம் வேணும், இத நான் கலெக்டர் மனுநாள்லயும் எழுதிக் குடுத்திருக்கேன்.

நீங்க செய்ய வேண்டியது, ராத்திரி சத்தம் கேட்டா யோசிக்காம அவசர உதவி எண் 112 அடிங்க. பகல்ல அவர் வேலைக்கு போன நேரமா பாத்து அந்த அக்காகிட்ட 181 நம்பர வாயால சொல்லிக் குடுங்க, பேப்பர்ல எழுதி குடுக்காதீங்க. அவங்க போன அவரு எடுத்து பாக்குறவரா இருந்தா உங்க போன்லேருந்தே பேச சொல்லுங்க.