கொழுப்பு மாத்திரை யாருக்கு? தருமபுரி டாக்டரிடம் கேளுங்கள்

ரிப்போர்ட்டை கையில் வைத்துக்கொண்டு குழம்புபவர்கள் கேட்கலாம் என்று போன வாரம் சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி, கீழே இருக்கும் முதல் கேள்வியின் வேறு வேறு வடிவம்தான். அதனால் அதற்கு மட்டும் நீளமாக.

பாலக்கோடு, தக்காளி மண்டி வியாபாரி, வயது 56: டாக்டர், எல்டிஎல்ங்கற கெட்ட கொழுப்பு 142. சுகர், பிரஷர் இல்ல, பீடி சிகரெட் இல்ல. இங்க ஒருத்தர் ராத்திரிக்கு அடோர்வாஸ்டாட்டின் 10-ன்னு கொழுப்பு மாத்திரை எழுதிட்டார். பெங்களூர்ல பார்த்தவர் தேவையில்லன்னுட்டார். யாரை நம்பறது?

ரெண்டு பேரும் தப்பு சொல்லல. ஆளுக்கு ஒரு புத்தகத்தைப் பார்த்திருக்காங்க, அவ்வளவுதான். 2001-ல் வந்த அமெரிக்க வழிகாட்டி எல்டிஎல் அளவைத்தான் முதலில் பார்க்கும். உங்களை மாதிரி வயசைத் தவிர வேற ஆபத்து இல்லாதவருக்கு 160-க்குக் கீழே மாத்திரைப் பேச்சே இல்லை. 2013-ல் அதே நாட்டில் கணக்கையே மாத்தினாங்க. அடுத்த 10 வருஷத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வர 7.5 சதவீதம் வாய்ப்பு இருந்தாலே மாத்திரையைப் பத்தி பேசலாம்னு வந்தது. இங்கிலாந்தில் அந்தக் கோடு 20 சதவீதமா இருந்து, 2014-ல் 10 ஆச்சு.

உங்க 10 வருஷ வாய்ப்பு 8 சதவீதம்னு வெச்சுக்குவோம். அமெரிக்காக்காரர் எழுதுவார், இங்கிலாந்துக்காரர் யோசிப்பார். ரத்தம் என்னவோ அதே ரத்தம்தான்.

இந்த 8-ஐ உங்க மண்டிக் கணக்கில் பாருங்க. உங்களை மாதிரி 100 பேர். மாத்திரை இல்லாம விட்டா 10 வருஷத்தில் 8 பேருக்கு அடைப்போ வாதமோ வரும். எல்டிஎல் 40 புள்ளி குறைஞ்சா அதில் ஐந்தில் ஒரு பங்கு குறையும். 8 பேர் 6 சொச்சம் ஆவாங்க. தப்பிக்கிற அந்த ஒண்ணு ரெண்டு பேர் யாருன்னு யாராலும் சொல்ல முடியாது. இதுக்காக தினம் ஒரு மாத்திரை போடலாமா என்பது உங்க முடிவு. அப்பா, அண்ணன் யாருக்காவது 55-க்குள்ள அடைப்பு வந்திருந்தா நான் போடச் சொல்லுவேன்.

ஓசூர், கம்பெனி சூப்பர்வைசர்: இந்தக் கோட்டைக் குறைக்கறதெல்லாம் மருந்துக் கம்பெனி வேலைதானே சார்?

சந்தேகம் நியாயம்தான். 2013 மாற்றத்தால் 40 முதல் 75 வயதுள்ள அமெரிக்கர்களில் மாத்திரைக்குத் தகுதியானவங்க 4 கோடியே 32 லட்சத்திலிருந்து 5 கோடியே 60 லட்சமா ஏறுவாங்கன்னு 2014-ல் ஒரு ஆய்வு கணக்குப் போட்டது. 60 தாண்டிய, இதய நோயே இல்லாத, மாத்திரையும் போடாத ஆண்களில் 30 சதவீதம் 87 ஆகுது! காரணம், அந்தக் கணக்கில் வயசுக்கு எடை அதிகம். ஆரோக்கியமா இருந்தாலும் வயசு ஏறினாலே கோட்டைத் தாண்டிடுவாங்க. ஆனா மாத்திரை பேடன்ட் முடிஞ்ச பழைய மருந்து தம்பி, கம்பெனிக்கு பெரிசா லாபம் இல்ல. இன்னொண்ணு, அந்தக் கணக்கு வெள்ளை, கறுப்பின அமெரிக்கர்களை வெச்சுப் போட்டது. நமக்கு ஆபத்தைக் குறைச்சுக் காட்டலாம்னுதான் 2018-ல் தெற்காசிய வம்சாவளியையே ஆபத்தைக் கூட்டும் அம்சமா சேர்த்தாங்க.

சூளகிரி பக்கம், அம்மா, 61: வீட்டுக்கே வந்து சுகர் மாத்திரை குடுக்கறாங்க. இப்ப கொழுப்பு மாத்திரையும் எழுதியிருக்காங்க. எனக்கு கொலஸ்ட்ரால் நார்மல்னுதான் சொன்னாங்க!

போடுங்கம்மா. சுகர் இருக்கற 40 தாண்டினவங்க விஷயத்தில் புத்தகங்களுக்குள்ள பெரிய சண்டை இல்ல. உங்களுக்கு ‘நார்மல்’ங்கற எண்ணே வேற. (மக்களைத் தேடி மருத்துவம் 2021-ல் உங்க மாவட்டத்து சாமனப்பள்ளியில்தான் ஆரம்பிச்சது, தெரியுமா?)

காவேரிப்பட்டணம், மாந்தோப்பு: மாத்திரை போட்ட நாள்லேர்ந்து தொடை வலி அண்ணா. விட்டுட்டேன்.

அறுவடை சீசன்ல ஏணி ஏறி எறங்கினா யாருக்கும் தொடை வலிக்கும். இப்படி வலின்னு விட்ட 60 பேருக்கு இங்கிலாந்தில் ஒரு மாசம் நிஜ மாத்திரை, ஒரு மாசம் மருந்தே இல்லாத போலி மாத்திரை, ஒரு மாசம் எதுவுமில்லாம மாத்தி மாத்திக் குடுத்தாங்க. மாத்திரையால் வந்ததா சொன்ன தொந்தரவில் 90 சதவீதம் போலியிலும் வந்தது. அதுக்காக வலியைப் பொய்யுன்னு சொல்லல. தசை பாதிச்சிருக்கான்னு காட்டற சிகே ரத்தப் பரிசோதனை ஒண்ணு எடுத்து, டாக்டர்கிட்ட காட்டி, குறைஞ்ச அளவில் திரும்ப ஆரம்பிக்கலாமான்னு கேளுங்க. சிறுநீர் கறுத்துப் போனா மட்டும் உடனே நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்.

பென்னாகரம், வயது 34, பெண்: எல்டிஎல் 204. வேற ஒண்ணும் இல்ல.

உங்களுக்கு சதவீதக் கணக்கே வேண்டாம்மா. 190-ஐத் தாண்டினா நேரா டாக்டர்கிட்ட போங்க. இது பரம்பரையா வந்திருக்கலாம். அண்ணன் தம்பி, பிள்ளைங்களுக்கும் பார்க்கச் சொல்லுங்க. குழந்தைக்குத் திட்டம் இருந்தா மாத்திரை எழுதறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

அரூர்: தினம் ராகி களிதான் டாக்டர். அப்புறம் எப்படி கொழுப்பு?

களியோட என்ன குழம்பு?