நெஃப்ராடிக் சிண்ட்ரோம் வந்தால் விளையாட்டை விட்டுவிட வேண்டுமா?

ஒற்றை வரியில் கேட்டிருக்கிறீர்கள். சிறுநீரில் புரதம் வெளியேறும் இந்தச் சிறுநீரக நோய் உங்கள் பிள்ளைக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். டாக்டர் சொல்லாமல் விளையாட்டை விடாதீர்கள்.

நாங்கள் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை. எட்டாவது படிக்கும் என் மகன் ஸ்கூல் ஃபுட்பால் டீமில் லெஃப்ட் விங். ஒருநாள் காலையில் கண் வீங்கி எழுந்தான், அப்புறம் கால். யூரின் டெஸ்டில் புரதம் நிறையப் போவது தெரிந்தது. ஸ்டீராய்டில் முகம் உப்பி ஆளே மாறிப்போனான். வீக்கம் வடிந்து, புரதம் போவதும் நின்றதும் "ஆடட்டும்" என்றார் டாக்டர். ஆனால் பி.டி. மாஸ்டர் அதற்குள் பெயரை அடித்துவிட்டார். "ஏதாவது ஆனால் யார் பதில் சொல்வது?" என்றார். டாக்டரின் கடிதத்தோடு ஹெட்மாஸ்டர் அறை வாசலில் போய் நின்றேன். திரும்பச் சேர்க்கும்வரை விடவில்லை.

அந்த நாட்களில் அவனுக்கு ஜோனா லோமுவைக் காட்டினேன். நியூசிலாந்து ரக்பி வீரர், அவரும் லெஃப்ட் விங்தான். 1995 உலகக் கோப்பை அரையிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக நான்கு ட்ரை (ஃபுட்பாலில் கோல் மாதிரி) போட்டபோது வயது 20. அந்த வருஷக் கடைசியில் இதே நோய் என்று தெரிந்தது. நாட்டுக்காக ஆடிய 63 டெஸ்ட் ஆட்டங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகுதான். 1999 உலகக் கோப்பையில் மட்டும் எட்டு ட்ரை.

"40 வயதில் செத்துப்போனாரே" என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். உண்மைதான், 2015இல் இறந்தார். அவருக்கு வந்தது கடுமையான வகை. 2003இல் டயாலிசிஸ், 2004இல் மாற்றுச் சிறுநீரகம். அதற்குப் பிறகும் கார்டிஃப் அணிக்கு ஆடினார். குழந்தைகளுக்கு வருவது பெரும்பாலும் ஸ்டீராய்டுக்குக் கட்டுப்படும். திரும்பத் திரும்ப வரலாம், அதனால் தினமும் காலையில் வீட்டிலேயே யூரினில் புரதம் போகிறதா என்று ஸ்ட்ரிப் வைத்துப் பார்க்கிறோம். நான் டாக்டர் இல்லை. வீக்கம் இருக்கும்போது ஆடச் சொல்லவும் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூர் எங்களுக்குப் பக்கம், பெரிய டாக்டர்களும் அங்கேதான். போனால் "நீங்கள் கேரளா" என்று தமிழ்நாட்டு இன்ஷூரன்ஸ் கிடையாது. இந்தப் பக்கம் வந்தால் விண்ணப்பம் முழுக்க மலையாளம். வீட்டில் தமிழ் பேசி, தமிழ் மீடியத்தில் படித்த நான் அதை நிரப்ப ஆள் தேடி அலைந்தேன். பிள்ளை படுத்திருக்கும்போது இதுவா அலைச்சல்?

நீங்களும் எங்கள் மாவட்டத்துச் சித்தூர், கொல்லங்கோடு பக்கம் என்றால், ஆடலாம் என்ற கடிதத்தை டாக்டரிடம் ஆங்கிலத்தில் சீல் வைத்து வாங்குங்கள். ஸ்கூலுக்கு நகல் மட்டும் கொடுங்கள்.