வாசகர் கேள்வி – பதில்: பட்டன் ஏன் அசையவில்லை?

கேள்வி: ரெடிமேட் வெப்சைட் பில்டரில் என் தளம் இருக்கிறது. ஹெட்டரில் ஜாவாஸ்கிரிப்ட் கோட் போட்டேன். பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. ஏன்?

பதில்: ஹெட்டரில் போட்ட கோட், பக்கத்தில் பட்டன் உருவாகும் முன்பே ஓடிவிடும். தேடிய பட்டன் கிடைக்காமல் ‘நல்’ (null, அதாவது ‘எதுவும் இல்லை’) என்று வந்து அங்கேயே நின்றுவிடும். பெரும்பாலும் இதுதான் காரணம். அந்தக் கோட் முழுவதையும் ஃபுட்டருக்கு (பக்கத்தின் கடைசிப் பகுதிக்கு) மாற்றுங்கள். கோடின் தொடக்கத்தில் <script>, முடிவில் </script> என்ற ஸ்கிரிப்ட் டேக் இருக்க வேண்டும். வேர்டிலிருந்து காப்பி செய்திருந்தால் மேற்கோள் குறிகளைக் கவனியுங்கள். நேராக இருக்க வேண்டிய குறி ஒன்று வளைந்திருந்தாலும் மொத்த கோடும் ஓடாது. எடிட்டருக்குள் சோதிக்க வேண்டாம். பல பில்டர்கள் அங்கே ஸ்கிரிப்டை ஓடவிடுவதில்லை. பப்ளிஷ் செய்து, இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து, எஃப்12 அழுத்தி, கோடின் தவறுகளைக் காட்டும் கன்சோலைப் (Console) பாருங்கள். தவறு இருந்தால் சிவப்பு நிறத்தில், வரி எண்ணோடு தெரியும்.