ராஜா கிடையாது, கூட்டம் உண்டு: இக்போ மக்கள் பற்றிக் கேள்வி பதில்

நைஜீரியா பற்றிப் பேச்சு வந்தபோது இக்போ மக்களைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும் என்று பலர் சொன்னீர்கள். இக்போ நகரங்களான எனுகுவிலும் ஒனிட்ஷாவிலும் பள்ளி ஆசிரியராக வேலை பார்த்தவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். கேள்விகளைக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: இவர்கள் நைஜீரியாவில் எந்தப் பக்கம்? எத்தனை பேர் இருப்பார்கள்?

தென்கிழக்கு. அனம்ப்ரா, எனுகு, இமோ, அபியா, எபோனி என்ற ஐந்து மாநிலங்களில் இவர்கள்தான் பெரும்பான்மை. நைஜர் ஆற்றைத் தாண்டி மேற்கே டெல்டா மாநிலத்தின் அசாபா பக்கமும் இருக்கிறார்கள். எண்ணிக்கையைப் பொறுத்தவரை, 2006 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இனத்தையும் மதத்தையும் கேட்கவே இல்லை. கேட்டால் சண்டை வரும் என்ற பயம். அதனால் யார் எந்த எண் சொன்னாலும் மதிப்பீடுதான். மூன்று கோடிக்கு மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படுவது.

ஆனால் அந்த ஐந்து மாநிலங்களுக்குள் மட்டும் இவர்களைத் தேடாதீர்கள். நைஜீரியாவின் முதல் குடியரசுத் தலைவர் நம்டி அசிகிவே 1904இல் பிறந்தது வடக்கே சுங்கேரு என்ற ஊரில். இக்போ பகுதியை பயாஃப்ரா என்ற தனி நாடாக அறிவித்த ஒஜுக்வு 1933இல் பிறந்ததும் அதே சுங்கேருவில்தான். ஊரை விட்டுப் போய்ப் பிழைப்பது இவர்களுக்குப் புதிதல்ல.

கேள்வி: ஐயா, போர்ட் ஹார்கோர்ட்டில் என்னோடு வேலை செய்த ஒருவர் இக்போ போலவே பேசுவார். கேட்டால் "நான் இக்போ இல்லை, இக்வெரே" என்று கோபப்படுவார். ஏன்?

இக்வெரே என்பவர்கள் போர்ட் ஹார்கோர்ட் பகுதி மக்கள். அவர் கோபத்துக்குக் காரணம் 1967 முதல் 1970 வரை நடந்த பயாஃப்ரா போர். 1970க்குப் பிறகு இக்போ என்று சொல்லிக்கொள்வதில் லாபம் எதுவும் இல்லை, நஷ்டம் நிறைய. போர்ட் ஹார்கோர்ட்டில் இக்போக்கள் விட்டுவிட்டு ஓடிய வீடுகள் 'கைவிடப்பட்ட சொத்து' என்ற பெயரில் அடுத்தவர் கைக்குப் போயின. அந்தப் பகுதியில் 'உமு' என்று தொடங்கிய ஊர்ப்பெயர்கள் 'ருமு' ஆயின. உமுவோகோரோ ருமுவோகோரோ ஆனது அப்படித்தான். அதற்காக எல்லாமே போருக்குப் பிறகு வந்த நடிப்பு என்று ஒனிட்ஷாக்காரர்கள் சொல்வதையும் அப்படியே ஏற்க முடியாது. 'இக்போ' என்ற ஒரே குடைக்குள் எல்லாரும் வந்ததே கடந்த 100, 150 வருடக் கதை. அதற்கு முன் ஒருவன் தன் ஊர்ப்பெயரைத்தான் சொல்வான். ஆற்றின் மேற்குக் கரை ஆட்களிடமும் இந்த விவாதம் உண்டு. உலக வர்த்தக அமைப்பின் தலைவர் என்கோசி ஒகோன்ஜோ இவேலா அந்தப் பக்கத்து ஒக்வாஷி உக்குவைச் சேர்ந்தவர்.

உங்கள் நண்பர் இக்வெரே என்றால் இக்வெரேதான். அவரிடம் வாதாட வேண்டாம்.

கேள்வி: இவர்களுக்கு ராஜாவே கிடையாதாமே? அப்புறம் யார் நாட்டாமை?

"இக்போக்களுக்கு அரசன் இல்லை" என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். முழு உண்மை இல்லை. ஒனிட்ஷாவுக்கு 'ஒபி' என்ற அரசர் உண்டு, நிரி என்ற ஊரில் பழைய பூசாரி அரசர் மரபு உண்டு. ஆனால் பெரும்பாலான ஊர்களில் முடிவெடுத்தது கூட்டம்தான். ஒரே தந்தைவழியில் வந்த குடும்பங்களின் கூட்டம் 'உமுன்னா'. நிலத் தகராறு, கல்யாணம், சாவு எல்லாம் அங்கேதான் முதலில் வரும். அதற்கு மேலே ஊர்க் கூட்டம். ஒரே காலத்தில் பிறந்தவர்களைச் சேர்த்து வயதுக் குழுக்கள். பாதை வெட்டுவதும் காவல் காப்பதும் அவர்கள் வேலை. செல்வமும் நடத்தையும் உள்ளவர்கள் செலவு செய்து பெறும் 'ஓசோ' பட்டம் தனி. யாரும் பேசலாம். அதனால் எதுவும் சீக்கிரம் முடியாது.

ஆங்கிலேயர்களுக்கு இது புரியவில்லை. வரி வசூலிக்கவும் உத்தரவு போடவும் ஓர் ஆள் வேண்டுமே! ஊருக்கு ஒருவனைப் பிடித்து, கையில் ஒரு தாளைக் கொடுத்து 'வாரன்ட் சீஃப்' ஆக்கினார்கள். அவர்களில் பலருக்கு ஊரில் எந்த மதிப்பும் இருக்கவில்லை. கொடுத்த அதிகாரத்தை வைத்து ஆட்டம் போட்டார்கள். 1928இல் ஆண்களிடம் வரி வாங்கத் தொடங்கினார்கள். அடுத்த வருடம் நவம்பரில் ஒலோகோ என்ற ஊரில் ஒரு சீஃபின் ஆள் பெண்களையும் ஆடு கோழிகளையும் எண்ண வந்தான். அடுத்து நமக்கும் வரி என்று பெண்களுக்குப் புரிந்துவிட்டது. ஊர் ஊராகச் செய்தி போய், ஆயிரக்கணக்கான பெண்கள் சீஃப்களின் வீடுகளைச் சூழ்ந்து, அவமானப்படுத்தும் பாட்டுப் பாடி, ஆடி, இரவும் பகலும் உட்கார்ந்தார்கள். தப்புச் செய்த ஆணைப் பெண்கள் கூடித் தண்டிக்கும் பழைய முறை அது. நீதிமன்றக் கட்டடங்களும் தாக்கப்பட்டன. படையினர் சுட்டதில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். இபிபியோ இனப் பெண்களும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகுதான் வாரன்ட் சீஃப் முறையை மாற்றினார்கள். ஆங்கில ஆவணங்களில் இதை 'அபா கலவரம்' என்று எழுதியிருப்பார்கள். கலவரமாம்!

இன்று ஊருக்கு ஊர் 'இக்வே', 'எசே' என்று மாநில அரசு அங்கீகரித்த தலைவர்கள் இருக்கிறார்கள். சிவப்புத் தொப்பி, விசிறி எல்லாம் உண்டு. ஆனால் ஊர்ச் சங்கத் தலைவரைப் பகைத்துக்கொண்டு எந்த இக்வேவும் நிம்மதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: துபாயில் என்னுடன் வேலை பார்க்கும் நைஜீரிய அண்ணன், சம்பளம் வந்ததும் ஊர்ச் சங்கத்துக்குப் பணம் அனுப்பிவிடுகிறார். போன வருடம் அவர் அப்பா இறந்தார், அடக்கம் இரண்டு மாதம் கழித்துத்தான் நடந்தது. இரண்டும் எனக்குப் புரியவே இல்லை.

இரண்டும் ஒரே விஷயம்தான் தம்பி. இக்போ ஆள் எங்கே செத்தாலும் சொந்த ஊரில், சொந்த வீட்டு வளவுக்குள் புதைக்கப்பட வேண்டும். லாகோஸில் மாளிகை இருந்தாலும் ஊரில் வீடு இல்லாதவனுக்கு மரியாதை இல்லை. ஆகவே அப்பா இறந்தால் முதலில் ஊர்வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும், கூரை மாற்ற வேண்டும், பிள்ளைகள் எல்லாரும் வந்து சேர வேண்டும், பணம் திரட்ட வேண்டும். அதுவரை உடல் பிணவறையில்.

அடுத்தது கூட்டத்தார். உமுன்னாவுக்கும் ஊர்ச் சங்கத்துக்கும் இறந்தவர் பாக்கி வைத்திருந்தால், பிள்ளைகள் அதைக் கட்டிய பிறகுதான் குழி வெட்ட ஆள் வரும். உங்கள் அண்ணன் மாதாமாதம் கட்டுவது ஒருவகையில் தன் சாவுக்கான பாக்கியைத் தீர்ப்பதுதான். கேலியாகச் சொல்லவில்லை, அந்தச் சங்கங்கள் கட்டிய பள்ளிக்கூடங்கள் எத்தனை, மின்கம்பங்கள் எத்தனை, மேல்படிப்புக்கு அனுப்பிய பிள்ளைகள் எத்தனை பேர்! 1920, 30களிலேயே வெளியூர் போன இளைஞர்கள் ஆரம்பித்த வழக்கம் இது. அரசாங்கம் வரும் என்று அந்த ஊர்கள் காத்திருக்கவில்லை.

செலவு எல்லை மீறிப் போவதும் உண்மை. மாடு வெட்டுவது, ஒரே துணியில் எல்லாருக்கும் உடை, பந்தல், பாட்டுக்குழு, வந்தவர்களுக்கெல்லாம் அன்பளிப்பு என்று கடனாளி ஆனவர்கள் உண்டு. அனம்ப்ரா மாநிலம் 2019இல் ஒரு சட்டமே போட்டது. உடலை இரண்டு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பது அதில் ஒன்று. சட்டம் இருக்கிறது, பந்தலும் இருக்கிறது.

கேள்வி: பெண்களுக்கு இவ்வளவு சக்தி என்கிறீர்களே, சொத்து உண்டா?

நல்ல கேள்வி அம்மா. பிறந்த வீட்டுப் பெண்களின் கூட்டம் 'உமுவாடா'. கல்யாணமாகி எங்கே போனாலும் அண்ணன் தம்பி சண்டைக்கு அவர்கள் வந்து உட்கார்ந்தால் ஆண்கள் நடுங்குவார்கள். மணமாகி வந்த பெண்கள் ஒவ்வொரு ஆகஸ்டிலும் நகரங்களிலிருந்து கணவன் ஊருக்குத் திரும்பிப் பெரிய கூட்டம் போடுவார்கள். பேரே 'ஆகஸ்ட் மீட்டிங்'.

ஆனால் அப்பாவின் நிலம் என்று வந்தால் மகன்களுக்குத்தான். மகள்களை ஒதுக்கும் இந்த வழக்கம் அரசியல் சட்டத்துக்கு எதிரானது என்று நைஜீரிய உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. உமுன்னா கூட்டத்தில் அந்தத் தீர்ப்பை எடுத்துக்கொண்டு போய் நிற்கும் மகள்கள் இன்னும் குறைவு. கூட்டம் நல்லது என்று நான் சொல்லும்போதெல்லாம் இதையும் சேர்த்துப் படியுங்கள்.

கேள்வி: சாதி உண்டா?

'ஓசு' என்று ஒன்று உண்டு. ஒரு தெய்வத்துக்கு நேர்ந்து விடப்பட்டவர்களும், ஆபத்துக்குத் தப்பி அந்தத் தெய்வத்திடம் தஞ்சம் புகுந்தவர்களும், அவர்கள் சந்ததியும் ஓசு. மற்றவர்கள் அவர்களோடு கல்யாணம் செய்ய மாட்டார்கள், பட்டம் கொடுக்க மாட்டார்கள். நம் ஊர் போலத் தொழிலோடு கட்டிய அடுக்குகள் இல்லை. ஓசு, ஓசு அல்லாதவர் என்பதுதான் முக்கியமான கோடு. அந்தக் கோடு எவ்வளவு ஆழம் என்று கேட்டால், கிழக்குப் பிராந்திய அரசு 1956இல் சட்டம் போட்டு ஒழித்த பிறகும் இன்றும் பெண் பார்க்கும்போது அந்த ஊருக்கு ஆள் அனுப்பி விசாரிக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரே தேவாலயத்தில் ஒரே அப்பத்தை வாங்குவார்கள், திங்கட்கிழமை சம்பந்தம் வேண்டாம் என்பார்கள். படித்த என் சக ஆசிரியர்களே இதில் வாய் திறக்காமல் நழுவுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் கூடி ஒழித்தோம் என்று அறிவித்த ஊர்களும் இருக்கின்றன. அறிவிப்பு கல்யாணப் பந்தலில்தான் சோதிக்கப்படும்.

கேள்வி: இவர்கள் வியாபாரத்தில் கெட்டிக்காரர்கள் என்கிறார்களே, என்ன ரகசியம்?

ரகசியம் எல்லாம் இல்லை. ஒரு முறை இருக்கிறது. பன்னிரண்டு, பதினைந்து வயதுப் பையனை ஒரு வியாபாரியிடம் ஒப்படைப்பார்கள். அந்த முதலாளி 'ஓகா'. பையன் அவர் வீட்டிலேயே தங்கி, கடை பெருக்கி, சரக்குத் தூக்கி, விலை பேசக் கற்று, ஐந்திலிருந்து எட்டு வருடம் வேலை செய்வான். சம்பளம் கிடையாது. காலம் முடிந்ததும் ஓகா அவனுக்கு முதல் கொடுத்துத் தனிக்கடை வைத்துத் தர வேண்டும். அதை 'செட்டில்' பண்ணுவது என்பார்கள். அந்தப் பையன் பிறகு தானும் பையன்களை எடுப்பான். லாகோஸின் அலாபா சந்தையில் மின்னணுச் சாமான், நெவியில் வண்டி உதிரிபாகம், அபாவின் அரியாரியா சந்தையில் செருப்பும் துணியும் எல்லாம் இந்தச் சங்கிலியில் வளர்ந்தவை.

போருக்குப் பிறகுதான் இது இவ்வளவு பெரிதானது. போர்க்காலத்தில் வங்கிக் கணக்கை இயக்கியவர்களுக்கு, கணக்கில் எவ்வளவு இருந்தாலும் 20 பவுண்டுதான் என்று அரசு சொல்லிவிட்டது. 1972இல் வெளிநாட்டுக் கம்பெனிப் பங்குகளை நைஜீரியர்கள் வாங்கலாம் என்று வந்தபோது இவர்கள் கையில் காசே இல்லை. மிச்சம் இருந்தது ஆள்பலமும் நம்பிக்கையும். ஆனால் பெரும்பாலும் எழுதிய ஒப்பந்தம் இல்லாததால், செட்டில் பண்ண வேண்டிய வருடத்தில் "திருடிவிட்டான்" என்று பையனைத் துரத்தும் ஓகாக்களும் உண்டு. அப்போது பையனின் அப்பா எங்கே போவார்? மறுபடி உமுன்னா கூட்டம்தான்.

கேள்வி: பயாஃப்ரா பற்றி இரண்டு வரியில் சொல்ல முடியுமா?

முடியாது, இருந்தாலும் முயல்கிறேன். 1966இல் வடக்கே இக்போக்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டு, உயிர் தப்பியவர்கள் கிழக்குக்கு ஓடி வந்தார்கள். 1967 மே 30 அன்று பயாஃப்ரா தனி நாடு என்று அறிவிக்கப்பட்டது, ஜூலையில் போர் தொடங்கி 1970 ஜனவரியில் சரணடைவில் முடிந்தது. இறந்தவர்கள் பத்து லட்சத்திலிருந்து முப்பது லட்சம் வரை என்கிறார்கள். பெரும்பாலோர் குண்டில் அல்ல, முற்றுகைப் பட்டினியில். வயதானவர்களிடம் நீங்களாக இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

கேள்வி: கோலா கொட்டை நம் வெற்றிலை பாக்கு மாதிரியா?

விருந்தாளிக்கு முதலில் நீட்டுவது என்ற அளவில் சரி. ஆனால் வெற்றிலையை வாங்கினால் மென்றுவிடலாம். கோலாவை வாங்கினால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். தட்டு உறவு முறைப்படி ஒவ்வொருவர் கையாகச் சுற்றி வீட்டுக்காரரிடம் திரும்பும், மூத்தவர் பிடித்துக்கொண்டு முன்னோர்களையும் கடவுளையும் கூப்பிட்டு வேண்டுவார், பிறகுதான் உடைப்பார்கள். வேண்டுதல் இக்போவில்தான், கோலாவுக்கு ஆங்கிலம் கேட்காது என்பார்கள். உடைப்பது ஆண்கள் மட்டும். எத்தனை பருப்பாகப் பிரிகிறது என்று பார்ப்பார்கள். நான்கு என்றால் மகிழ்ச்சி. எக்கே, ஓரியே, அஃபோ, என்க்வோ என்று அவர்கள் சந்தை வாரத்துக்கும் நான்கு நாள்தான். ஒகேக்கே, ஒகாஃபோர், ஒகோன்க்வோ என்ற பெயர்களெல்லாம் அந்த நாட்களில் பிறந்தவர்களுக்கு வைத்தவை. கசக்கும், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கூட வரும் காரமான நிலக்கடலை விழுதைத் தொட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: இவர்கள் யூதர்களின் வம்சம் என்று ஒரு வீடியோ பார்த்தேன்.

நானும் பார்த்தேன். இக்போ மொழி நைஜர்-காங்கோ குடும்பம், சுற்றியுள்ள மொழிகளின் உறவு. இக்போ-உக்குவில் மண்ணுக்குள் கிடைத்த வெண்கலப் பொருட்கள் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று கணிக்கிறார்கள். அவ்வளவு நுணுக்கமான கைவேலை. அதை வைத்துக்கொண்டு வேறு வம்சம் எதற்குத் தேட வேண்டும்? யூத மதத்தைப் பின்பற்றும் இக்போக்கள் இன்று இருக்கிறார்கள். அது அவர்கள் நம்பிக்கை, வேறு விஷயம்.

கேள்வி: சார், அடுத்த மாதம் நண்பனின் ஊர்க் கல்யாணத்துக்கு இமோ மாநிலம் போகிறேன். என்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

கார்டில் காலை பத்து மணி என்று போட்டிருந்தால் மதியம் சாப்பாட்டுக்கு முன் எதுவும் நடக்காது. மாப்பிள்ளை பக்கம் போகிறீர்கள் என்றால் பெண் வீட்டார் கொடுத்த சாமான் பட்டியல் ஏற்கெனவே வந்திருக்கும்: சேனை போன்ற யாம் கிழங்கு, உப்பு மூட்டை, பீர், பனங்கள், துணி. நண்பனிடம் கேட்டு ஒரு பெட்டி பீர் உங்கள் பங்காக எடுத்துக்கொள்ளுங்கள். உள்ளே பெரியவர்கள் தொகை பற்றிப் பேரம் பேசும்போது வாய் திறக்காதீர்கள். சண்டை போல இருக்கும், சண்டை இல்லை.

பிறகு பெண்ணின் கையில் பனங்கள் கோப்பையைக் கொடுத்து, கூட்டத்துக்குள் உன் ஆளைத் தேடு என்று அனுப்புவார்கள். மற்ற ஆண்கள் "இங்கே வா" என்று கைநீட்டிக் கலாய்ப்பார்கள். நீங்களும் கைநீட்டலாம், கோப்பையை மட்டும் வாங்கிவிடாதீர்கள். அவள் அவனைக் கண்டுபிடித்து, முட்டியிட்டு, தான் ஒரு வாய் குடித்துவிட்டு அவனுக்குக் கொடுத்தால் கல்யாணம் முடிந்தது. ஆடும்போது நெற்றியில் நோட்டு ஒட்டும் பழக்கம் உண்டு. அந்த நாட்டுப் பணமான நைராவைத் தூவுவதும் மிதிப்பதும் சட்டப்படி குற்றம், ஆட்களைப் பிடித்து உள்ளே போட்டிருக்கிறார்கள். கவரில் போட்டுக் கையில் கொடுத்துவிடுங்கள். திங்கட்கிழமை பயணம் வைக்காதீர்கள். தனி பயாஃப்ரா கேட்கும் இயக்கம் 2021 ஆகஸ்டில் தொடங்கிய திங்கட்கிழமை கடையடைப்பு பல இடங்களில் பயத்தால் நீண்ட காலம் நீடித்தது. இப்போது எப்படி என்று கிளம்பும் முன் நண்பனிடம் கேளுங்கள். எனுகு வழியாகப் போனால் நைன் மைல் சந்திப்பில் இலையில் அவித்த 'ஒக்பா' என்ற பயறு மாவுப் பண்டத்தைச் சூடாக விற்பார்கள், வாங்கிச் சாப்பிடுங்கள்.